மச்சாளின் மூலை

அறுவடை மெசினின் வாய் அகலமானது. வயலின் மூலைக்குள் அது நுழையாது. ஆகவே மெசின் இறங்குவதற்கு முன் நான்கு மூலைகளையும் அரிவாளால் வெட்டி, வெட்டிய கதிரை மெசின் வரும் பாதையில் பரப்பிவிடுவது கிளிநொச்சிப் பக்கத்து எங்கள் தர்மபுரத்தில் எல்லோருடைய வழக்கம். இந்தக் காலபோக நெல்லறுப்பில் மெசின் ஓட்ட வந்த தம்பி வரம்பில் நின்று, "அன்ரி, மூலை ஒண்டும் வெட்டேல்லையே?" என்று கேட்டான். "அது அப்பிடியே நிக்கட்டும்," என்றேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டு வேலையைத் தொடங்கினான். வயல் முழுவதும் வெட்டி முடிந்த பின் நான்கு மூலைகளிலும் கதிர் தலை சாய்ந்து நின்றது. அதைப் பார்த்ததும் மச்சாளின் நினைவு வந்தது. நினைவு என்று எழுதுவது மரியாதைக்குத்தான். வந்தது பொறாமை.

மச்சாள் என் கணவரின் அக்கா. எங்கள் வயலுக்கும் அவருடைய வயலுக்கும் நடுவில் ஒரே வரம்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே தேவாலயம், உட்கார ஒரே வாங்கு. நான் யாழ்ப்பாணத்தில் முறையாக வேதபாடம் படித்தவள். ஆராதனை முடிந்ததும் பெண்களுக்கு வகுப்பு எடுப்பேன். வேதத்தில் கதையும் உண்டு, பாட்டும் உண்டு, உவமையும் உண்டு, ஒரு காலத்து மக்களுக்கென்று எழுதிய சட்டமும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே விதமாக வாசிக்கக் கூடாது என்பதுதான் என் பாடத்தின் சாரம். ஒவ்வொரு பாடத்தையும் முதல் நாளே ஒழுங்குபடுத்தி எழுதிக்கொண்டு போவேன். மச்சாளுக்கு அந்தச் சிரமம் எதுவும் இல்லை. வரிக்குக் கீழே விரலை வைத்து மெதுவாக வாசிப்பார். வாசித்து முடித்ததும் "எழுதியிருக்கு" என்பார். அதற்கு மேல் அவருக்கு விளக்கம் வேண்டியதில்லை. இரண்டு விதமான நூல் கலந்த துணியை உடுக்கக் கூடாது என்று எங்கோ வாசித்ததிலிருந்து, கிளிநொச்சிக் கடைகளில் சேலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து "இது கலப்போ தம்பி?" என்று கேட்டுக்கொண்டு நிற்பார். நான் வெட்கத்தோடு வாசலில் நிற்பேன்.

ஒருநாள் வகுப்பில், விசுவாசம் இருந்தால் மலையும் பெயரும் என்ற இடத்துக்கு வந்தோம். மலை என்பது மனிதனின் வாழ்வை மறித்து நிற்கும் தடைகளுக்கு உருவகம் என்று நான் விளக்கினேன். மச்சாள் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டுச் சொன்னார்: "அப்பிடியில்லை ரீச்சர். வன்னியில மலை இல்லை. அதாலதான் இஞ்ச ஒருத்தரும் செய்து பார்க்கேல்லை." வகுப்பு முழுவதும் சிரித்தது. நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஆசிரியையாக இருந்ததில்லை. என்னை "ரீச்சர்" என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். அந்தச் சிரிப்புக்குப் பிறகு பெண்கள் வீட்டுக்குப் போகும் வழியில் அவரைச் சுற்றித்தான் நடந்தார்கள். ஒரு வசனத்தின் பொருளைக் கேட்டு இந்தச் சனங்கள் என்னிடம் வரவேண்டும் என்பது தவிர எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை. அவர்கள் பொருளைக் கேட்டு என்னிடம் வந்தார்கள். பொருளைக் கேட்ட பின் மச்சாளிடம் போனார்கள்.

அறுவடை செய்யும்போது வயலின் ஓரத்தை ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிட வேண்டும் என்ற பழைய கட்டளையையும் மச்சாள் ஒரு காலபோகத்தில்தான் வாசித்தார். அதே போகத்தில் நான்கு மூலைகளையும் வெட்டாமல் விட்டார். தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து குளத்துக்கு அப்பால் குடியேறிய மலையகக் குடும்பத்துப் பெண்கள் உரப்பைகளோடு வந்து அந்தக் கதிரை அறுத்துக்கொண்டு போனார்கள். "உன்ர அக்காவுக்கு விசர் பிடிச்சிட்டுது" என்று பக்கத்து வயல்காரர் என் கணவரிடம் சொன்னபோது எனக்குள் மகிழ்ச்சியாக இருந்தது. அடுத்த போகத்திலும் மூலை நின்றது. மழை பிந்தி விளைச்சல் படுத்த போகத்திலும் நின்றது.

அறுப்பின் பண்டிகையில் அந்தப் பகுதியைப் பற்றிப் பேசும்படி போதகர் என்னைத்தான் கேட்டார். நன்றாகவே பேசினேன். வயலின் ஓரம் என்பது நமது நேரத்தின் ஓரம், பிறருக்காக மனதில் ஒதுக்கும் இடம் என்று சொன்னேன். இன்றும் அது சரியான விளக்கம் என்றே நினைக்கிறேன். மச்சாள் வந்து என் கையைப் பிடித்தார். "எனக்கு விளங்கேல்லை ரீச்சர். ஆனா நல்லா இருந்தது." அவர் அழைத்து வந்திருந்த மலையகப் பெண் ஒருத்தி, "அப்ப ஒங்க வயல்லயும் மூல விடுவீங்களாக்கா?" என்று என்னிடம் கேட்டாள். அது உருவகம் என்று சொன்னேன். அவள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, மெசின் என்றைக்கு வருகிறது என்று கேட்க மச்சாளிடம் போனாள்.

பிறகு ஒரு மாரியில் உடைந்த போத்தல் மச்சாளின் காலைக் கிழித்தது. அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. புண் கறுத்துக்கொண்டு வந்தது. வருத்தமாகக் கிடப்பவருக்குச் சபை மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும் என்று எழுதியிருக்கு என்றார். ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்துவிட்டார். என் கணவர் கெஞ்சியும் பலனில்லை. அந்தக் காலத்தில் எண்ணெய்தான் மருந்து, மருந்தைத்தான் எண்ணெய் குறிக்கிறது என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. கடைசியில் அவருடைய வழியாலேயே போனேன்.

"இயேசு சொன்ன கதையில, கள்ளர் அடிச்சுப் போட்டவனுக்கு அந்தச் சமாரியன் எண்ணெய் வாத்தவன்தானே மச்சாள்?"

"ஓம்."

"வாத்துப்போட்டு அதோட விட்டவனோ?"

"இல்லை. தன்ர மிருகத்தில ஏத்திச் சத்திரத்துக்குக் கொண்டு போனவன்."

"அப்ப உங்களுக்கு எண்ணெய் பூசியாச்சு. எழும்புங்கோ."

மச்சாள் யன்னலால் எட்டிப் பார்த்தார். "கழுதை எங்க?"

"ஒழுங்கையில நிக்குது. மூண்டு சில்லு."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே ஓட்டோவில் ஏறினார். கிளிநொச்சி வரை அவருடைய கால் என் மடியில் கிடந்தது. எங்கள் வாங்கில் அவருடைய இடம் வெறுமையாக இருப்பதை அந்த வழியில் நினைத்துப் பார்த்தேன். அது நான் ஆசைப்பட்ட வாங்காக இருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு விரலை எடுத்துக் காலைக் காப்பாற்றினார்கள்.

அது என் வெற்றி என்றுதான் நம்பியிருந்தேன். ஆனால் நொண்டிக்கொண்டு தேவாலயத்துக்கு வந்த முதல் ஞாயிறே, "ரீச்சர் என்னைக் கழுதையில ஏத்தினவா" என்று மச்சாள் எல்லோரிடமும் நடித்துக் காட்டினார். சிறுவர்கள் ஓட்டோவைக் கண்டால் கழுதைபோலக் கத்தினார்கள். போதகர் அந்தக் கதையைப் பிரசங்கத்தில் சேர்த்தார்; சகோதரியின் எளிய விசுவாசத்துக்கு உதாரணமாக. அந்தப் பிரசங்கத்தில் நான் வரவே இல்லை.

இப்போது மச்சாள் கனடாவில் மகனோடு இருக்கிறார். அவருடைய வயலையும் நாங்களே செய்கிறோம். மூலையை விட வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவருடைய வயலில் வாக்குக்காக விட்டேன். என்னுடையதில் விட்டது, அந்தப் பெண்கள் நடு வரம்போடு திரும்பிப் போவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான்.

அன்றும் மெசின் போன பின் அவர்கள் வந்தார்கள். என் வயலின் மூலையில் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசியில் மச்சாளின் முகம் வந்தது. கம்பளித் தொப்பி போட்டிருந்தார். "இஞ்ச மூலையெல்லாம் பனி ரீச்சர். பொறுக்க ஒருத்தரும் வரேல்லை," என்றார். குரலைக் கேட்டதும் பெண்கள் கதிரோடு ஓடி வந்தார்கள்.

"அக்கா, ஒங்க மூல நல்லா வெளஞ்சிருக்கு."

மச்சாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அது என்ர இல்லைப் பிள்ளையள். பின்னால வேம்பு தெரியுது. அது ரீச்சரின்ர வயல்."

"ஆமாக்கா," என்றாள் முன்பு என்னிடம் கேட்டவள். "ஒங்க மூலதான். அவுங்க வயல்ல இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். உருவகம் என்றால் என்னவென்று நான் இத்தனை காலம் படிப்பித்தது, என் வயலிலேயே விளைந்து மச்சாளின் பெயரில் நின்றது. மூலையைக் கிட்டக் காட்டச் சொன்னார். படம் ஆடாமல் இருக்க இரண்டு கைகளாலும் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு, கதிருக்குள் இறங்கினேன்.