மாஸ்டரின் வலது கால்

"கிளட்ச்சைப் பூப்போல விடும்மா, பூப்போல" என்று சொல்லிக்கொண்டே மாஸ்டர் வலது காலைத் தன் பக்கத்து பிரேக்கின் மேல் வைத்துக்கொள்கிறார். இருபத்தாறு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். வீட்டில் டிவி பார்க்கும்போதும் அந்தக் கால் தரையை அழுத்துகிறது என்பது அவர் மனைவியின் புகார். மகள் வேகமாக நடந்தால்கூட அழுத்துவாராம்.

யாரையும் திட்டமாட்டார். ஒருமுறை நான் சுவரில் மோதப் போனபோதும் நிதானமாக, "பரவாயில்ல, செவுரு எங்கயும் போயிடாது, நாளைக்கு வந்து இடிச்சுக்கலாம்" என்றார்.

குறை ஒன்றுதான், தூக்கம். நாலைந்து மாதம் முன்புவரை, நேர்ச் சாலை வந்தால் போதும், குறட்டை கிளம்பிவிடும். கால் மட்டும் பிரேக்கை விட்டு நகராது. மாஸ்டர் தூங்கினால் நாம் நன்றாக ஓட்டுகிறோம் என்று நாங்களாகவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தோம். யார் ஓட்டும்போது அதிகம் தூங்கினார் என்று போட்டி வேறு. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எங்களோடு கற்றுக்கொண்ட லேப் அக்கா, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவர். ஒரு காலை அவர் ஓட்ட, நான் பின் சீட்டில் இருந்தேன். குறட்டை சட்டென்று நின்றது. அக்கா வண்டியை ஓரங்கட்டி மாஸ்டரின் நெஞ்சையே பார்த்தார். அது அசையவில்லை. அக்கா அவர் தோளை உலுக்கிய பிறகுதான் பெரிய திணறலோடு மூச்சு திரும்பியது.

"இது அசதி இல்ல மாஸ்டர். தூக்கத்துல மூச்சு நிக்குது. நீங்க டாக்டரைப் பாக்குறவரைக்கும் நான் இந்த வண்டியத் தொடமாட்டேன்."

தூக்கத்தைச் சோதித்தார்கள், ரத்தத்தையும் சோதித்தார்கள். சிவப்பணுக்கள் எக்கச்சக்கம். மூச்சு நின்று நின்று வந்தாலே அப்படி ஆவதுண்டாம். டாக்டர் அதோடு விடாமல் துருவியதில் ரத்தப் புற்றுநோய் ஒன்று, மெல்ல வளரும் வகை, ஆரம்பத்திலேயே அகப்பட்டது. குறட்டையால் வந்ததா என்று மாஸ்டர் கேட்டிருக்கிறார். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய்ந்து வருகிறார்கள், உறுதியாகச் சொல்ல முடியாது என்றாராம் டாக்டர்.

"எது கொண்டாந்துச்சோ தெரியாது, காட்டிக்குடுத்தது குறட்டையும் இந்தப் பொண்ணும்தான்" என்கிறார் மாஸ்டர்.

இப்போது மூச்சு நிற்காமலிருக்கக் காற்றை ஊதும் முகமூடி மாட்டித் தூங்குகிறார், தவறாமல் மாத்திரை விழுங்குகிறார். டாக்டர் சம்மதிக்கும்வரை மூன்று மாதம் வண்டிப் பக்கமே வரவில்லை. திரும்பி வந்த அன்று சந்தோஷத்தில் எனக்குக் கியரே விழவில்லை. பகலில் இப்போது அவருக்குக் கண் சொக்குவதில்லை.

நேற்று அக்காவுக்குக் கடைசி வகுப்பு. நேர்ச் சாலை வந்தது. மாஸ்டர் கொட்டக் கொட்ட விழித்திருந்தார். செருப்பைக் கழற்றினார். இரண்டு காலையும் தூக்கிச் சீட்டின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்.