கருங்குங்கிலியத்தில் விழுந்த புகை

எனக்குப் பொறுமை கிடையாது. சிங்காநல்லூரில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் ஒரு மாதிரியை இயந்திரத்துக்குள் விட்டால் முடிவு வர ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் நான் உட்கார்ந்ததாகச் சரித்திரம் இல்லை. கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே இருப்பேன்.

பிசின் எந்த மரத்தினுடையது என்று கண்டு சொல்வது என் வேலை. பொடித்துக் கரைத்து உள்ளே விட்டால் இயந்திரம் அதிலுள்ளவற்றைப் பிரித்து, திரையில் முகடு முகடாகக் காட்டும். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு வரிசை உண்டு. அது தப்பவே தப்பாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான்.

உக்கடத்தில் நாட்டுமருந்துக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் ஒரு வியாழக்கிழமை கருங்குங்கிலியப் பிசின் கொண்டு வந்தார். மலையிலிருந்து ஒரே ஆள்தான் பல வருடமாக அவருக்கு அதை எடுத்து வருகிறாராம். அதில் கலப்படம் இருப்பதாக யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள்.

“நம்பித்தான் வாங்கிட்டிருக்கறனுங்கம்மா. கலப்படம்னு நீங்க சொல்லிப்போட்டா அந்தாளை நிறுத்திப்போடோணுமுங்க,” என்றார்.

அன்றே கொஞ்சம் பொடித்துத் தட்டில் பரப்பி வைத்தேன். மூடி வைக்கவில்லை. மறுநாள் காலையில் அதை ஓட்டி முடிவைப் பார்த்தபோது கருங்குங்கிலியத்தின் வரிசை சரியாக இருந்தது. கூடவே பென்சோயிக் அமிலமும் சின்னமிக் அமிலமும் நின்றன. இரண்டும் சாம்பிராணிக்கு உரியவை. ‘சாம்பிராணி கலந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மதியமே அனுப்பிவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வேறொருவர் கொடுத்த மட்டிப்பால் பிசினிலும் அதே இரண்டு முகடுகள் வந்தன. முந்தைய முடிவின் தேதியைப் பார்த்தேன்; அதுவும் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைதோறும் காலையில், வேலை தொடங்குமுன் இயந்திரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, அறை முழுக்கச் சாம்பிராணி காட்டுவது எங்கள் வழக்கம். காட்டுகிறவள் நான்தான். சாம்பிராணி சூடானால் அந்த அமிலங்கள் ஆவியாகிக் கண்ட இடத்தில் படியும் என்று கல்லூரியில் படித்தவளும் நான்தான்.

வெறும் தட்டை மேசையில் வைத்து மறுபடி புகை போட்டேன். தட்டைக் கழுவிய கரைசலிலும் அதே இரண்டும் இருந்தன. பாய் கொடுத்த பொட்டலத்தில் மிச்சம் இருந்ததை ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டுத் திங்கட்கிழமை ஓட்டினேன். சுத்தமான சரக்கு.

புது அறிக்கையோடு உக்கடத்துக்குப் பஸ் ஏறினேன். சிக்னலில் நின்ற பஸ்ஸைத் தள்ளிக்கொண்டு போகலாமா என்றிருந்தது.

“என் தப்புங்க பாய். சரக்குல ஒண்ணும் இல்லீங்க.”

அவர் படித்துவிட்டுக் காகிதத்தை மடித்தார். “அவரு அன்னைக்குச் சாயங்காலம் சரக்கோட வந்தப்பவே இனி வர வேண்டாம்னு சொல்லிப்போட்டனுங்கம்மா. மிஷினே சொல்லிருச்சுன்னு சொன்னேன். அவரு மூட்டையைத் தூக்கிட்டுப் போயிட்டாரு.”

“போன் நம்பர் இருக்குங்களா?”

“அவருகிட்டப் போனு இல்லீங்க.”

“எந்த ஊருங்க?”

“நான் கேட்டதே இல்லீங்கம்மா.”

என்மேலேயே ஆத்திரமாக வந்தது. எந்த மரம் என்று கேட்டுத்தான் எனக்கும் பழக்கம். அந்த ஆள் எந்த ஊர் என்று முதல் நாளே நானாவது கேட்டிருக்கலாம்.

இப்போதும் உக்கடம் பஸ் ஸ்டாண்டில் மூட்டையோடு இறங்குகிறவர்களைப் பார்த்தால் கால் தானாக அந்தப் பக்கம் போகிறது. போன வாரம் ஒருவரை நிறுத்திக் கேட்டேவிட்டேன். அவர் மூட்டையில் இருந்தது பூண்டு.