பாலத்துக்கு வெயில், எனக்குக் குடை

கிண்ணியாப் பக்கம் ஒரு சிறு பாலத்துக்கு விரிவு மூட்டு தெரிவுசெய்யப் போயிருந்தேன். வெயிலில் கொங்கிறீற் நீளும். அதற்கு மூட்டில் போதிய இடைவெளி விடாவிட்டால் விளிம்புகள் முட்டி வெடிக்கும். அதனால் உச்சிவெயிலில் வெப்பமானியைப் பாலத்தின் தளத்தில் வைத்துப் பக்கத்திலேயே குந்தியிருந்தேன்.

திடீரென்று சூடு இறங்கியது. நிமிர்ந்தால், வழியே போன ஒரு பெண் எனக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

"நிழல் விழுந்தா அளவு பிழைச்சுப் போகும், அக்கா. பாலத்துக்கு வெயில் வேணும்," என்றேன் எரிச்சலோடு.

"ஓம், பாலத்துக்கு வேணும். உங்களுக்கு என்னத்துக்கு, தங்கச்சி?"

வெப்பமானியில் படாமல், என் தலைக்கு மட்டும் நிழல் விழக் குடையைச் சரித்தார். அவர் முகம் முழுக்க வெயில்.

அளந்து முடித்ததும் தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன்.

"எனக்கு நோன்பு. நீங்க குடிங்க."

அந்தக் குடைக்குள் நின்றுதான் குடித்தேன். இப்போதும் அந்த மூட்டில் வண்டி தடக்கென்று ஏறும்போது, என் தலைக்கு மேல் ஒரு குடை சரிகிறது.