நீல நூல்

போன வாரம் தாம்பரம் ஸ்டேஷனில் கொய்யாப்பழக் கூடையோடு மேரி அக்கா வருவதைப் பார்த்தேன். சட்டென்று ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

வாராவாரம் இந்தப் பத்தியில் ஊரையே கிண்டல் செய்கிறவன் எதற்காக ஒளிய வேண்டும்? சொல்கிறேன்...

இரண்டு வருடங்களுக்கு முன்பு கல்லூரியில் மீடியா ப்ராஜெக்ட். சாதாரண மனிதர்களின் கதையை அவர்கள் வாயாலேயே பதிவுசெய்ய வேண்டும். நண்பனிடம் ஓசி வாங்கிய டேப் ரெக்கார்டரோடு இரும்புலியூரில், ஸ்டேஷனில் பழம் விற்கும் இந்த மேரி அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் கணவர் கேங்மேன். தண்டவாள வேலையில் ரயிலில் அடிபட்டு இறந்தவர்.

அரை மணி நேரம் பேசினார். “மூஞ்சி தெர்ல தம்பி. சட்ட பட்டனத்தான் பாத்தேன். வெள்ள நூலு இல்லன்னு காலைல நான்தான் நீல நூல்ல தெச்சி வுட்டேன்...” என்னும்போது உடைந்துவிட்டார். நானும் அழுதேன். அழுதுகொண்டே, ‘ஆஹா, முதல் மார்க் நமக்குத்தான்’ என்றும் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால்... உஸ்ஸ்ஸ்! ப்ளே, ரெக்கார்ட் இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். மேதாவி ப்ளேயை மட்டும் அழுத்தியிருக்கிறேன்.

மறுநாளே போய் நின்றேன்.

“திரும்ப மொதல்லேர்ந்தா? அய்ய... இன்னா தம்பி நீ!”

“ஒரே ஒரு தடவைக்கா. நேத்து சொன்ன மாதிரியே...”

சொன்னார். பழத்தைத் துடைத்து அடுக்கிக்கொண்டே, மளிகை லிஸ்ட் படிப்பதுபோல. ஆஸ்பத்திரி, சவப்பெட்டி, கல்லறை – அவ்வளவுதான், முடிந்தது. நான் பதறிப்போய் குறுக்கே ஏதோ சொன்னேன். அக்காவின் கை நின்றது. என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு அதையும் சொன்னார்.

“அழுவ வர்ல தம்பி. பரவால்லியா?”

வகுப்பில் கேசட் ஓடியது. கப்சிப். கடைசியில், ஸ்பீக்கர் அதிர என் குரல் –

“அக்கா, அந்த நீல நூலை விட்டுட்டீங்க!”

“டைரக்டர் சார்!” என்றான் பின் பெஞ்சில் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். சார் மட்டும் சிரிக்காமல் கேசட்டை நிறுத்தினார்.

தூணை விட்டு எட்டிப் பார்த்தேன். எதிரிலேயே அக்கா!

“இன்னா தம்பி, ஒளிஞ்சிகினு கீற?” என்று ஒரு கொய்யாவைக் கையில் திணித்தார். “அன்னிக்கி டேப்பு நல்லா வந்துச்சா?”

“வந்துச்சுக்கா” என்றேன்.

பொய்யில்லை. என் குரல் ரொம்பத் தெளிவாகவே வந்திருந்தது.