கட்டைவிரல் அளவு முக்கால் ஜல்லி

சடையங்குப்பத்தைத் தாண்டி, ஆலைப் புகைக்கும் உப்புத் தண்ணீருக்கும் நடுவில் ஒரு மேடு இருக்கிறது. ஐப்பசி மழை பிடித்தால் நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்துகொள்ளும், ஒரே ஒரு சின்னப் பாலத்தின் வழியாகத்தான் போய்வர முடியும். அதனால் சுற்றுவட்டாரத்தில் அதற்குத் தீவு என்று பெயர். அந்தத் தீவில் கமால் பாய் குடும்பத்தின் கல் உடைக்கும் கிரஷர் ஓடுகிறது. வாசலில் ‘கமால் அண்ட் சன்ஸ் கல் குவாரி’ என்று பலகை. குவாரி என்றால் பக்கத்தில் மலை இருக்க வேண்டும் என்பது படித்தவர்களின் பிடிவாதம். மலை வெளியூரில் இருந்தது, லாரியில் ஏறி வந்தது, இங்கே உடைந்தது. ‘சன்ஸ்’ என்று பன்மையில் எழுதியபோது ஃபர்ஹான் ஒருவன்தான் பிறந்திருந்தான். பிறகும் அவன் ஒருவன்தான்.

இந்தத் தீவின் சல்லடை மேஸ்திரி அருள்பிரகாசம். வயது ஐம்பத்தெட்டு, வீடு காலடிப்பேட்டையில். கிரஷரின் தாடை கல்லை மென்று துப்பும். துப்பிய கல் சாய்வான கம்பி வலைகளின் மேல் குலுங்கிக்கொண்டே இறங்கும். எந்த வலையில் விழுகிறதோ அது அந்த ஜல்லி. வீட்டுத் தளம் போட முக்கால் அங்குல ஜல்லி, முற்றத்துத் தரை போட அரை ஜல்லி. கல் உரசி உரசி வலை அறுந்துபோகும். அறுந்த இடத்தில் புதுக் கம்பி வைத்துப் பற்றவைப்பது அருள்பிரகாசத்தின் வேலை. முப்பது வருடமாகப் பற்றவைத்ததில் கமால் பாய் வாங்கிய பழைய வலையில் ஒரு கம்பிகூட மிச்சமில்லை. முழு வலையும் அருள்பிரகாசம்தான்.

வலையின் ஓட்டைக்கு, அதாவது கண்ணிக்கு, அளவு எடுக்க அவர் ஸ்கேல் வைத்துக்கொண்டதில்லை. வலது கட்டைவிரலை விட்டுப் பார்ப்பார். சிக்கென்று போய்வந்தால் அது முக்கால். "ஸ்கேலு தேஞ்சுபூடும், வெரலு தேயாது" என்பார். தேயவில்லைதான். பதினோரு வருடத்துக்கு முன்னால் அந்த விரலின் மேல் சம்மட்டி விழுந்தது. நகம் போனது, நாலு மாதம் கழித்து விரல் குணமாகி, கொஞ்சம் பெருத்து, தட்டையாகத் திரும்பி வந்தது. அவரும் கையைக் கழுவிக்கொண்டு அதே விரலோடு வேலைக்குத் திரும்பினார். அன்றிலிருந்து அவருடைய மனைவி லூர்துதான் தினமும் காலையில் அவருக்குச் சட்டைப் பட்டன் போட்டுவிடுகிறாள். அதை அவர் அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

விரல் குணமாகி இரண்டு வருடம் கழித்து அருள்பிரகாசம் சொந்த வீட்டுக்கு மேல்தளம் போட்டார். கொத்தனார் வேறு யாருமில்லை, லூர்துவின் தம்பி சைமன். ராயபுரத்துக்காரன், வேலைக்காரன், வாய்க்காரன். ஜல்லி தீவிலிருந்து வந்தது. சைமன் ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, "மாமா, கல்லு பெருசா கீது. கம்பிக்கு நடுவுல எறங்காது. அங்கங்க நின்னுபூடும், கீழ ஓட்டை வுழும்" என்றான். தளம் போடுகிற நாளில் வேலைக்காரர்களுக்குப் பிரியாணி போடுவது வழக்கம். இருபது பேர் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் நடுவிலும் அருள்பிரகாசம் எழுந்து நின்று தன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

"இது முக்கால். இருபது வருஷமா இதான் முக்கால். கொத்துக்கரண்டி புடிக்கிறவன் எனுக்கு அளவு சொல்றியா?"

இருபது பேரும் சிரித்தார்கள். பிரியாணி போடுகிறவன் பக்கம்தான் நியாயம் இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். சைமன் அந்தக் கல்லையே போட்டுத் தளத்தை முடித்தான்.

அந்த வருட மழைக்கே தளம் ஒழுகியது. எங்கெங்கோ ஒழுகினாலும் பரவாயில்லை, கூடத்தில் மாதா படத்துக்கு முன்னாலேயே ஒழுகியது. லூர்து ஒரு வாளி வைத்தாள். அருள்பிரகாசம் தளத்தை அண்ணாந்து பார்த்து, கலவையில் தண்ணீர் ஜாஸ்தி, குத்தியது பத்தாது, கொத்தனார் சரியில்லை என்று தீர்ப்பு எழுதினார். தெருவில் சொன்னார், கோயில் வாசலில் சொன்னார், சைமனுக்கு வேலை கொடுக்க நினைத்த நாலு பேரிடம் வலியப்போய்ச் சொன்னார். சைமன் அக்காள் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்திக்கொண்டான். ஒன்பது வருடம் லூர்து தனியாகவே பஸ் ஏறித் தம்பி வீட்டுக்குப் போய்வந்தாள். வாளி மட்டும் வீட்டிலேயே இருந்தது.

இப்போது மகள் ஷைனிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தை மாதம், ராயபுரம் கோயிலில். தாய்மாமன் மாலை போட்டுத்தான் பெண் வீட்டிலிருந்து இறங்க வேண்டும்.

"மாமா வராம நான் படி எறங்க மாட்டேன்" என்றாள் ஷைனி.

"வரட்டுமே, யார் வேணான்னது? தளம் ஒழுகுறது என் தப்புதான்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வரட்டும்" என்றார் அருள்பிரகாசம்.

லூர்து வாளியை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்தாள்.

இதற்கிடையில் ஃபர்ஹான் கோயம்புத்தூரில் ஒரு கண்காட்சிக்குப் போய்வந்தான். கண்காட்சிக்குப் போன முதலாளி சும்மா திரும்புவதில்லை. ஒரு மாதத்தில் புதுத் தாடையும் மூன்று அடுக்குப் புதுச் சல்லடையும் பெரிய டிரெய்லரில் வந்து, பாலத்தில் ஏறாமல் இரண்டு நாள் நின்றன. பிறகு கிரேன் வந்து, பாலத்தின் ஒரு கைப்பிடிச் சுவரை இடித்து, சாமான் உள்ளே போனது. இடித்த சுவரைப் புதுத் தாடையிலேயே போட்டு உடைத்து வெள்ளோட்டம் பார்த்தார்கள். கமால் பாய் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, நன்றாக உடைக்கிறது என்றார். உடைந்தது தன் பாலத்துச் சுவர் என்பது அவருக்குச் சாயங்காலம்தான் புரிந்தது.

கம்பெனியிலிருந்து வந்த இன்ஜினியர் சல்லடையைக் காட்டி, இருபது வருடத்துக்குக் கவலை இல்லை என்று விளக்கினார். அருள்பிரகாசம் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். நடு வலைதான் முக்கால். வலது கட்டைவிரலை ஒரு கண்ணியில் விட்டார். போகவில்லை. அடுத்த கண்ணி, அதிலும் போகவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை ஃபர்ஹான் பார்த்ததே இல்லை.

"தம்பி, ஏமாத்திட்டானுங்க. இது முக்காலே இல்ல."

இன்ஜினியர் சின்ன வயசுக்காரர், கோபப்படத் தெரியாதவர். பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்துக் கண்ணியை அளந்து காட்டினார். சரியாக இருந்தது. பிறகு மரியாதையாக, "உங்க விரலைக் கொஞ்சம் காட்டுங்க சார்" என்றார். வலது கட்டைவிரல் ஒரு அங்குலத்தையும் தாண்டி நின்றது.

"இடது கை?"

இடது கட்டைவிரல் அளவில் முக்கால் அங்குலம். கண்ணியில் விட்டபோது, சொல்லிவைத்தாற்போல் சிக்கென்று போய்வந்தது.

இன்ஜினியர் வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். அவருக்கு அது ஒரு விரல், அவ்வளவுதான். அருள்பிரகாசம் பழைய லாரி டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்து இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். அண்ணன் தம்பி என்று சொன்னால்கூட யாரும் நம்ப மாட்டார்கள். சம்மட்டி விழுந்த வருடத்தையும் தளம் போட்ட வருடத்தையும் மனசுக்குள் கூட்டிக் கழித்தார், விடை மாறவில்லை. மணலியிலிருந்து காலடிப்பேட்டை வரைக்கும் எத்தனை தளம், எத்தனை வாளி. வாளிக் கடைக்காரர்கள் சேர்ந்து அவருக்கு ஒரு பாராட்டு விழாவே நடத்தியிருக்கலாம். அன்று அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. வெட்கமாக இருந்தது. இத்தனை வயதுக்கு மேல் புதிதாக வெட்கப்பட நேர்ந்தால் அது உடம்பு முழுக்கப் பரவுகிறது.

ஆனால் ஆண்டவர் பெரியவர், வியாபாரிகள் அவரைவிடப் பெரியவர்கள். புதுச் சல்லடை ஓடிய முதல் வாரமே மூன்று லோடு திரும்பி வந்தது. நாலாவது லோடுக்கு, திருவொற்றியூர் முழுக்க வீடு கட்டும் காண்ட்ராக்டர் ரவிக்குமார் நேரிலேயே வந்துவிட்டார்.

"இன்னா பாய், முக்கால் கேட்டா அரை ஜல்லிய கொட்றீங்க? கண்ணு இன்னா எனுக்கு அவிஞ்சா போச்சு? அருள் மேஸ்திரி போட்டது முக்கால். இது இன்னா கடலப்பருப்பா?"

ஃபர்ஹான் வெர்னியர் என்றான், அளவு என்றான். ரவிக்குமார் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. பதினோரு வருடமாக ஊரே பார்த்துப் பழகிய கல் அது. ஊர் முழுக்க ஒரே தப்பைச் செய்தால் அதற்குப் பெயர் தப்பு இல்லை, அளவு.

மறுநாள் ஃபர்ஹான் அருள்பிரகாசத்தைக் கூப்பிட்டான். "அருளண்ணே, இன்ஜினியர் போய்ட்டாரு. அந்த நடு வலைய உங்க பழைய அளவுக்கு மாத்திக் குடுங்க. திங்கக்கெழமைக்குள்ள வோணும்."

சட்டப்படி பார்த்தால் அருள்பிரகாசம் ஜெயித்துவிட்டார். கம்ப்யூட்டர் வைத்த மெஷின் அவருடைய விரலுக்கு முன்னால் தோற்றுவிட்டது. விஷயம் தெரிந்த இன்ஜினியர் ஊரில் இல்லை, ஃபர்ஹானுக்கு வியாபாரம் நடந்தால் போதும். வாயை மூடிக்கொண்டிருந்தால் சாகும்வரை அவர் சொன்னதுதான் முக்கால், சைமன்தான் கெட்ட கொத்தனார். வீட்டுக்குப் போனார். மழை தூறிக்கொண்டிருந்தது. மாதா படத்துக்கு முன்னால் வாளியில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. லூர்து கல்யாணப் பத்திரிகைகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். தம்பி பெயர் எழுதிய ஒன்றை மட்டும் தனியாக வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அருள்பிரகாசம் அந்தப் பத்திரிகையைச் சட்டைப் பையிலும், புது ஜல்லி அரைச் சாக்கைத் தோளிலும் வைத்துக்கொண்டு ராயபுரம் போனார். பஸ்ஸில் கண்டக்டர், கல்லுக்கு டிக்கெட் எடுக்கச் சொன்னார். எடுத்தார்.

சைமன் வாசலில் உட்கார்ந்து செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான், உள்ளே வா என்று சொல்லவில்லை. அருள்பிரகாசம் சாக்கை அவன் முன்னால் அவிழ்த்தார்.

"இன்னா மாமா இது? ஒம்போது வருஷம் கழிச்சு வந்து அரை ஜல்லி குடுக்குற?"

"அரை இல்லடா. முக்கால்."

"என்கிட்டயே முக்கால் காட்டுறியா? இது முக்கால்னா நான் கொத்தனாரே இல்ல."

தான் தோற்றதைச் சொல்ல வந்த இடத்தில் ஒரு மனிதன் சண்டை போட்டு ஜெயிக்க வேண்டியிருந்தது. அருள்பிரகாசம் முழங்கால் வலிக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கட்டைவிரல்களையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டினார்.

"பாரு. சம்மட்டி வுழுந்ததுல இது பெருத்துபோச்சு. நான் பாக்கல. இத வெச்சுதான் அப்ப வலை போட்டேன். நீ சொன்னது சரி. கல்லு பெருசு. தளம் ஒழுகுறது உன்னால இல்ல, என்னால."

சைமன் விரல்களைப் பார்த்தான். சாக்கிலிருந்து ஒரு பிடி அள்ளி, கையிலிருந்து கையாக மாற்றினான். அவன் கண்ணுக்கும் அது சின்னதாகத்தான் தெரிந்தது. ஒன்பது வருடமாக அவனும் தீவு ஜல்லியைத்தானே போட்டுக்கொண்டிருக்கிறான்.

"என் கண்ணும் உன் வெரலாட்டம் பெருத்துபோச்சு போல" என்றான். பிறகு கல்லைச் சாக்கிலேயே திரும்பப் போட்டுவிட்டு, "அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்க பாரு. எனுக்கு அந்த பிரியாணி எறங்கவே இல்ல மாமா" என்றான்.

அருள்பிரகாசம் பத்திரிகையை எடுத்து நீட்டினார். சைமன் செருப்பு தைத்த கையைக் கைலியில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டான்.

"வரேன். ஆனா தளத்த உடைச்சு நான்தான் திரும்பப் போடுவேன். கல்லு நீ எடது கையால அளந்து குடு."

கல்யாணத்துக்குள் தளம் போட்டாகிவிட்டது. தீவிலும் ஒரு வழியாகச் சமாதானம் பிறந்தது. நடு வலையின் பாதி வலது விரல் அளவு, பாதி இடது விரல் அளவு. பெரிய கல்லுக்கு ஃபர்ஹான் ‘முக்கால்’ என்று பலகை வைத்தான். சரியான கல்லுக்கு ‘ஸ்பெஷல்’ என்று வைத்தான். ஸ்பெஷலை இதுவரை சைமன் ஒருவன்தான் கேட்டு வாங்குகிறான்.

கல்யாணத்தன்று காலையில் சைமன் மாலையோடு கூடத்தில் உட்கார்ந்து, தான் போட்ட தளத்தை வருகிறவர்கள் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தான். உள்ளே லூர்து, அருள்பிரகாசத்தின் புதுச் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தாள்.

"யோவ், வெரலு பெருசாச்சுன்னு தம்பிகிட்ட போயி சொல்லிகினியாமே."

"இப்பத்தான எனுக்கே தெரிஞ்சுது."

"எனுக்கு பதினோரு வருஷமா தெரியும். அந்த வெரலால உனுக்கு ஒரு பட்டனு புடிக்க வரல, அதான் நான் போட்டு வுட்டுகினு கீறேன். என்னிய ஒரு வார்த்த கேட்டியா நீ?"

அருள்பிரகாசம் கழுத்துப் பட்டனுக்கு வசதியாக மோவாயைத் தூக்கிக்கொண்டு நின்றார்.