பெரியப்பாவின் ஒன்பது குழிகள்

நில உச்சவரம்புச் சட்டம் வருகிறது, மிஞ்சிய நிலத்தை எடுத்து உழுகிறவர்களுக்கே கொடுத்துவிடுவார்கள் என்றதும் கீழ்வேளூர்ப் பக்கத்து மிராசுதார்கள் ஆளுக்கொரு வழி தேடினார்கள். செத்துப்போனவர் பேரில்கூடச் சிலர் பத்திரம் எழுதினார்கள். எங்கள் பெரியப்பா மட்டும் கோல்ஃப் மைதானம் போட்டார்.

விளையாட்டு மைதானம் சாகுபடி நிலத்தில் சேராது என்று யாரோ அவர் காதில் ஓதியிருந்தார்கள். ஆற்றை ஒட்டிய இருபது ஏக்கர் நஞ்சை அது. பதினோரு குடும்பங்கள் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தன. "இந்தக் குறுவைக்கு யாரும் நாத்து விட வேணாம்" என்று அவர்களுக்குச் சொல்லி அனுப்பினார். பெரியப்பாவுக்குப் பிள்ளை கிடையாது. அவருக்குப் பிறகு எல்லாம் எனக்குத்தான். அதனால் நானும் வாயைத் திறக்கவில்லை.

மைதானம் என்றால் ஆட ஒரு ஆள் வேண்டுமே. ஊட்டி கிளப்பிலிருந்து ஒரு ஸ்காட்லாந்துக்காரரை வரவழைத்தார். கோல்ஃப் ஆடுவதே அவருக்குத் தொழில். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. நீடாமங்கலத்தில் ரயிலை விட்டு இறங்கியபோதே வெயிலில் வெந்த இறால் நிறத்தில் இருந்தார். பணக்காரருக்கு வந்த ஆசை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு ஒழுங்காக வேலையை ஆரம்பித்தார். அவர் பேசும் இங்கிலீஷ் இங்கிலீஷ்காரனுக்கே விளங்காது. பி.ஏ. படித்த எனக்கே நாலு நாள் பிடித்தது.

கொடி நடுவதில் முதல் தகராறு. சிவப்புத் துணி என்றார் அவர். "அது விவசாயச் சங்கத்துக் கொடிடா, வேணாம்னு சொல்லு" என்றார் பெரியப்பா. கறுப்பும் சிவப்பும் சேர்ந்தால் ஆளுங்கட்சி. கடைசியில் பெரியப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து ஒன்பது வெள்ளைக் கொடி நட்டோம். குத்தகைக்காரர் ஒருவர் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "ஐயா சமாதானத்துக்கு வந்துட்டாங்களா?" என்று கேட்டார். வெட்டிய குழிகளில் மறுநாளே வயல் நண்டு குடியேறிவிட்டது.

மத்தியானங்களில் மாமரத்தடியில் ஸ்காட்லாந்துக்காரரின் கதையைத் தவணை முறையில் கேட்டு, ராத்திரி பெரியப்பாவுக்குத் தமிழில் சொல்வேன். அப்பாவுக்குக் கடலோர மைதானத்தில் புல் வெட்டும் வேலை. இவர் அவர்கள் நாட்டுப் பெரிய போட்டியில் பன்னிரண்டு முறை ஆடியிருக்கிறார். ஒரே ஒரு முறை இரண்டாம் இடம். அதுவும் ஒரே அடியில் போன பரிசு; குறைந்த அடியில் முடிப்பவருக்குத்தான் இந்த ஆட்டத்தில் ஜெயம். கடைசி நாள், அடிக்கக் கோலை ஊன்றியபோது புல்லுக்குள் பந்து ஒரு நூல் நகர்ந்திருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. இவரே போய் நடுவரிடம் சொல்லி, விதிப்படி தன் கணக்கில் தண்டமாக ஓர் அடி கூட்டிக்கொண்டாராம். அதற்குப் பிறகு ஏறுமுகமே இல்லை. சின்னச் சின்ன கிளப், பிறகு கப்பல், பிறகு ஊட்டி.

"அட மனுஷா, யார் பார்த்தார்கள்?" என்றேன்.

"நான் பார்த்தேனே" என்றார். ஏதோ மழை வருமா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல்.

பத்தொன்பதாம் நாள் தாசில்தார் வந்தார். கொடிகளைப் பார்த்தார், நண்டுகளைப் பார்த்தார். பிறகு ஸ்காட்லாந்துக்காரரிடமே இங்கிலீஷில் கேட்டார்: இங்கே எவ்வளவு காலமாக விளையாட்டு நடக்கிறது? அவர் நீளமாகப் பதில் சொன்னார். தாசில்தாருக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. "என்ன சொல்றாருங்க?" என்று என் பக்கம் திரும்பினார்.

பத்தொன்பது நாளாக, அதற்கு முன் நெல் வயல், என்றுதான் அவர் சொன்னார். பெரியப்பா என்னையே பார்த்தார்.

"மூணு வருஷமா நடக்குதுன்னு சொல்றாருங்க" என்றேன்.

தாசில்தார் எழுதிக்கொண்டு போனார். ஸ்காட்லாந்துக்காரர் என் தோளில் தட்டினார். உண்மையைச் சொன்னதற்குப் பெரியப்பா இருவரையும் துரத்தப்போகிறார் என்று நினைத்துப் பெட்டியைக்கூடக் கட்டிவிட்டார். ஆனால் பெரியப்பா வாழையிலை போட்டு விருந்து வைத்தார். பாயசம் வந்ததும் நான் மாற்றிச் சொன்னது ஸ்காட்லாந்துக்காரருக்குப் புரிந்துவிட்டது. என்னை ஒரு முறை பார்த்தார். பாயசத்தைத் தொடாமல் எழுந்துபோனார். எனக்கு அங்கேயே வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் அவர் ரயிலேறினார். ஒரு கோலையும் மூன்று பந்துகளையும் விட்டுப்போயிருந்தார். திங்கட்கிழமை நான் பஸ் ஏறித் தாலுகா ஆபீஸ் போனேன். நான் சொன்னது பொய் என்றேன். தாசில்தார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்குத்தானே நஷ்டம்? யாராச்சும் மிரட்டினாங்களா?" என்றார். இல்லை என்றதும் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இருபது ஏக்கரும் போயிற்று. பதினோரு குடும்பத்துக்கும் பட்டா வந்தது. நானேதான் எழுதிக் கொடுத்தேன் என்று வீட்டிலும் சொன்னேன். பெரியப்பா அதோடு என்னிடம் பேசுவதை நிறுத்தினார். இரண்டு வருஷம். சாப்பாட்டு நேரத்தில்கூடப் பெரியம்மா வழியாகத்தான் தூது.

ஆனால் மனிதருக்கு அந்த விளையாட்டு பிடித்துப்போயிருந்தது. கொல்லையில் ஒரே ஒரு குழி வெட்டி, தினமும் காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தனியாக ஆடுவார். அடிகளைச் சத்தமாக எண்ணுவார். நான் கிணற்றடியில் பல் தேய்த்தபடி மனசுக்குள் எண்ணுவேன். ஒருநாள் பந்து குழியில் விழுந்தபோது என் கணக்கில் ஆறு. அவர் "ஏழு" என்றார்.

என்னையும் அறியாமல், "ஆறுதான் பெரியப்பா" என்றேன்.

அவர் குனிந்து பந்தை எடுத்தார். நிமிராமலே சொன்னார்: "தென்னமரத்துக்கிட்ட பந்து கொஞ்சம் நகந்துச்சுடா. நீ பாக்கல."