தானாக விழாத கொடி

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாவது வரைதான் படித்தேன். மறதியும் சேர்ந்துவிட்டது. ஆனால் இது மறக்கவில்லை. கல்பனாவின் குழந்தைக்குத் தொப்புள்கொடி தானாக விழவில்லை... நான்தான் பிய்த்தேன். விழுந்துவிட்டது என்று பொய் சொன்னேன்.

சிட்லபாக்கம் பக்கம், பிள்ளை பெற்ற வீடுகளில் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது என் பிழைப்பு. நான் தொட்டால் கொடி சீக்கிரம் காய்ந்து விழும் என்று பேர்.

கல்பனா வீட்டில் மட்டும் ஒன்பது நாளாகியும் விழுவதாக இல்லை. கொடி விழாமல் தொட்டிலில் போட மாட்டார்கள். உறவுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது.

“என்ன ஆயா, உங்க கைராசி லீவுல போயிருக்கா?” என்று அவள் மாமியார் சிரித்தார்.

எனக்கு முகம் செத்துப்போனது. மறுநாள் குளிப்பாட்டும்போது, ஒட்டியிருந்ததை முறுக்கி இழுத்தேன். குழந்தை வீறிட்டான். மஞ்சளை வைத்து அமுக்கினேன்.

“தானா வந்துட்ச்சும்மா” என்றேன்.

தொப்புள் சிவந்தது, ஆறவேயில்லை. பிறகு வாயில் புண், காதோரம் புண். எதிலும் சீழ் வைக்கவில்லை. “சுத்தமான ரத்தம், அதான் சீழே கட்ல” என்று நானே மெச்சினேன்.

தாம்பரத்து டாக்டரிடம் போனபோது நானும் கூடப் போனேன். “கொடி எப்போ விழுந்தது?” என்று கேட்டார்.

“தொட்டில் போடறதுக்கு முன்னாடியே தானா விழுந்துடுச்சு சார். ஆயா கைராசி அப்படி” என்றாள் கல்பனா.

டாக்டர் வேறு கேள்விக்குப் போய்விட்டார். நான் குழந்தையின் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா? எனக்கு வெட்கம்.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில்தான் நோய் தெரிந்தது. அதற்குள் கிருமி நுரையீரலுக்குப் போய்விட்டது.

“வெள்ளை அணு ரத்தத்துல நிறைய இருக்கும்மா” என்று கல்பனாவிடம் சொன்னார் அங்கிருந்த டாக்டர், நானும் பக்கத்தில் இருந்தேன். “ஆனா குழாய்ச் சுவரைப் பிடிச்சு நின்னு, புண்ணு இருக்கிற எடத்துல வெளிய எறங்கணும். அதுக்கு ஒட்டுற கை மாதிரி ஒண்ணு உண்டு. இவனுக்கு எலும்பு மஜ்ஜையில அணு உருவாகும்போதே அந்தக் கை முளைக்கல. தாம்பரத்துல எறங்க வேண்டிய கூட்டம் எறங்க முடியாம ரயிலோடயே போற மாதிரி. அந்த அணுங்க புண்ணுல சேந்தாத்தான் சீழ், அதனாலதான் இவனுக்கு சீழ் இல்ல.”

பிறகு, “கொடி காஞ்சு விழவும் இந்த அணு வேணும்மா, அதனால கொடி லேட்டா விழறது இதுக்கு முதல் அடையாளம். இவனுக்கு அதுகூட இல்லயே... இருந்திருந்தா அப்பவே சந்தேகப்பட்டிருப்பாங்க. மஜ்ஜை மாத்திப் பாத்திருக்கலாம்” என்றார்.

அப்போதும் நான் பையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

குழந்தை போய்விட்டான். கல்பனா என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். யார் தோளில் அழுகிறோம் என்று அவளுக்குத் தெரியாது.

இப்போது அவள் மறுபடி முழுகாமல் இருக்கிறாள். போன வாரம் வந்து, “நீங்கதான் ஆயா குளிப்பாட்டணும்” என்று என் இரண்டு கையையும் பிடித்தாள். நான் தலையாட்டினேன்... ஏன் ஆட்டினேன்?

டாக்டர் சொன்னதை நான் மாற்றி எழுதியிருக்கலாம். விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபாருங்கள். நான் செய்ததை மட்டும் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.